பலகையின் மறுமுனை

குருவிக்கு அந்த வாரம் இருப்புக் கொள்ளவில்லை. அவள் எப்போதுமே ஒரு இடத்தில் நிற்காதவள்தான். அண்ணன் வைத்த பட்டப்பெயரே அதனால் வந்தது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அண்ணி சலித்துக்கொள்வதும் அதனால்தான். ஆனால் இப்போது வந்திருந்தது வேறு மாதிரி. நின்ற இடத்திலேயே அவள் முட்டி நாலு விரல் அளவுக்கு மடங்கும். உடனே விருட்டென்று நிமிரும். பாத்திரம் கழுவும்போது, லிஃப்டுக்குள், கடை வரிசையில், எங்கும். பஸ் நிறுத்தத்தில் அப்படி விடாமல் செய்துகொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற பெரியவர் குரலைத் தாழ்த்தி, "கூச்சப்படாதேம்மா, அந்தப் பெட்ரோல் பங்க்ல பாத்ரூம் இருக்கு" என்றார்.

இது வேறு அவசரம் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது? அவள் நன்றி சொல்லிவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நடந்தே போனாள்.

அவசரம் இதுதான். வெள்ளிக்கிழமை மாலை ஐம்பது கிலோ பார்பெல்லைத் தோளிலிருந்து தலைக்கு மேல் தூக்கி அவள் அசையாமல் நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டால், மாலையில் பளுதூக்கும் வகுப்பு நடத்தும் சங்கத்தின் போட்டி அணியில் காலியாக இருக்கும் ஒரே இடம் அவளுக்கு. இல்லையென்றால் அடுத்த வருடம் பார்க்கலாம். அடுத்த வருடம் என்பது அவளைப் பொறுத்தவரை அடுத்த ஜன்மம்.

வெறும் கையாலும் தோளாலும் தள்ளினால் அவளால் முப்பத்தெட்டு முடியும். அதற்கே வகுப்பில் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். மீதிப் பன்னிரண்டைக் கால்தான் கொடுக்க வேண்டும். பாரைத் தோளில் வைத்துக்கொண்டு, நெஞ்சு சாயாமல், குதிகால் எழும்பாமல், முட்டியைச் சின்னதாக மடக்கி நேராக இறங்க வேண்டும். இறங்கிய வேகம் ஆறுமுன் தரையை உதைத்து நிமிர வேண்டும். அந்த உதை தொடை, இடுப்பு, முதுகு என்று ஏறி வந்து பாரைத் தோளிலிருந்து எகிறவைக்கும். கைக்கு மிச்சமிருப்பது முடித்து வைக்கும் வேலைதான். கேட்க எளிது. பஸ் நிறுத்தத்தில் செய்யவும் எளிது. வகுப்பில் மேடையில் ஏறி, தோளில் பாரை வாங்கிய உடனே அவள் முட்டி இரண்டும் பூட்டிக்கொண்டுவிடும். இரும்புக் குழாய்தான். மடங்கு என்றால் மடங்காது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு தோளாலேயே தள்ளுவாள். பார் நெற்றி வரை போய், யோசித்து, திரும்பி வரும்.

"பின்னால ரப்பர் மேட்ல எவ்ளோ அழகா மடக்குறே. மேடைல ஏறினா மட்டும் மரமாயிடறே" என்பார் மாஸ்டர்.

மாஸ்டர் ஒரு பெண். முப்பது வயதுகூட இருக்காது. பகலில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் "ரெண்டே நிமிஷம்ங்க, டாக்டர் கூப்பிடுவாங்க" என்று தேனாகப் பேசுகிறவர். மாலையில் அந்தத் தேனை மூடி வைத்துவிட்டுத்தான் வகுப்புக்கு வருவார். யாராவது தூக்கும்போது மேடையின் இடது மூலையில் ஏறி, முட்டியில் கையூன்றிக் குனிந்து, அவர்கள் குதிகாலையே பார்த்துக்கொண்டு நிற்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே பலர் நன்றாகத் தூக்கினார்கள்.

"வெயிட்டைப் பார்த்துப் பயப்படுது உன் மனசு" என்று மாஸ்டர் தீர்ப்புச் சொல்லியிருந்தார். குருவி அதை நம்பவும் இல்லை, மறுக்கவும் தெரியவில்லை. தன் மனசைப் பற்றித் தன்னைவிட அடுத்தவர்களுக்கு அதிகம் தெரியும் என்று நினைக்கும் பழக்கம் அவளுக்கு உண்டு. அதே சமயம் எதையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்காமல் விடுகிற ஆளும் இல்லை. ஒரு வகுப்பில் ஷூவை மாற்றினாள். அடுத்த வகுப்பில் பிடியை அகலமாக்கினாள். அதற்கடுத்ததில் மூச்சை மாற்றினாள். ஒரே நாளில் இரண்டை மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது அல்லவா? எதுவும் பலிக்காததால் அந்தக் குழப்பமே வரவில்லை.

வகுப்பில் அவளுக்கு நெருக்கமானவள் ஒரு தபால்காரி. நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்குகிற கால். அணியில் ஏற்கெனவே இருப்பவள். "என் காலைக் கடன் வாங்கிக்கோ. திருப்பிக் குடுத்துடணும், காலைல டூட்டி இருக்கு" என்பாள்.

குருவியின் கால் மட்டும் என்ன, உழைக்காத காலா? அவளும் அண்ணனும் சீலிங் போடுகிறவர்கள். புதுக் கட்டடங்களில் உத்தரத்துக்குக் கீழே ஜிப்சம் அட்டைகளைப் பொருத்தும் வேலை. இரண்டு குதிரைக் கட்டைகள்மேல் நீளப் பலகை ஒன்றைக் கிடத்தி, அதன் இந்த முனையில் அவள், அந்த முனையில் அவன். ஆளுயரத்துக்கும் பெரிய அட்டையை இருவரும் தலையாலும் உள்ளங்கையாலும் தாங்கி, மேலே இருக்கும் கம்பிச் சட்டத்தோடு அழுத்திப் பிடிப்பார்கள். பிறகு அவள் மட்டும் பிடித்திருக்க, அவன் மிஷினால் ஸ்குரூவை இறக்கிக்கொண்டே வருவான். ஸ்குரூ எல்லாம் இறங்கும் வரை அவள் அசையக்கூடாது. மூக்கு அரித்தால் அரித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஊருக்கே குருவியாக இருப்பவள் பலகைமேல் மட்டும் சிலையாக இருப்பாள். முடிந்து, இணைப்பு தெரியாமல் பட்டி மாவு பூசி, பெயிண்ட் அடித்துவிட்டால் அந்தக் கூரையை யாரும் அண்ணாந்துகூடப் பார்க்க மாட்டார்கள். நன்றாகப் போட்ட சீலிங் என்பது யாரும் கவனிக்காத சீலிங்.

பார்பெல் அவளுக்குப் பிடித்ததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். பகலெல்லாம் தூக்கியதை விடக்கூடாத வேலை. மாலையில் தூக்கி, நாலு பேர் பார்க்க நிறுத்தி, பிறகு தடாலென்று கீழே போடலாம். யாரும் திட்ட மாட்டார்கள். கைதட்டுவார்கள்.

வேலைக்கு வந்த முதல் வாரம் அவளுக்கு இந்தச் சிலைத்தனம் தெரியாது. அட்டை கொஞ்சம் மேலே போக வேண்டியிருந்தது. எட்டவில்லை. முட்டியை மடக்கி ஒரு எம்பு எம்பினாள். பலகை அவள் பக்கம் வளைந்து, துள்ளி எழுந்தது. மறுமுனையில் இருந்த அண்ணன் பறந்தான். குழைத்து வைத்த பட்டித் தொட்டிக்குள் போய் உட்கார்ந்தான். சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கதையை அவன் சொல்லாமல் விடமாட்டான். "எழுந்திரிச்சுப் பார்த்தா என் பின்பக்கம் அப்படியே அச்சு எடுத்த மாதிரி இருக்கு. காய விட்டிருந்தா மாவரைக்க ஆட்டுக்கல்லே ஆயிருக்கும்!" எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். குருவியும் சிரிப்பாள். அவன் ஒரு மாதம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தது அந்தக் கதையில் வராது. அவன் காற்றில் இருந்த அந்த ஒரு நொடியில் எந்தச் சத்தமும் இல்லாமல் இருந்ததும் வராது. அது அவளுக்கு மட்டும் கேட்ட அமைதி.

அதற்குப் பிறகு பலகையில் அவள் முட்டி மடங்கியதே இல்லை.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அண்ணிதான் வாயைக் கொடுத்தாள். "வெள்ளிக்கிழமை இவளுக்குப் பரீட்சையாம். நீங்களும் ஒரு தடவை உள்ள போய்ப் பார்த்தா என்னவாம்? வாசல்லயே வேனை நிறுத்திட்டு உட்கார்ந்திருக்கீங்க, பெட்ரோலுக்குக் காவல் மாதிரி."

"என்ன பரீட்சை?"

குருவி எழுந்து நின்று காட்டினாள். மடக்கி, நிமிர்ந்து, கையை உயர்த்தினாள். தட்டுப் பக்கத்தில் இருந்த டம்ளர் அதிர்ந்தது.

அண்ணன் சாப்பிடுவதை நிறுத்தினான். "இதையா காசு குடுத்துக் கத்துக்கறே? முட்டியை மடக்கி எம்புறதை?"

"அங்க அப்படித்தான்ணா."

"அங்க அப்படி. இங்க?" அவன் சிரித்துக்கொண்டேதான் கேட்டான், கண் சிரிக்கவில்லை. "உடம்புக்கு அங்க, இங்கன்னு தெரியுமா? நாளைக்குப் பலகைல நின்னுட்டு, பழக்க தோஷத்துல ஒரு எம்பு எம்பினேன்னு வை. இந்தத் தடவை கீழ தொட்டிகூட இருக்காது."

"அப்படி எதுவும் பண்ண மாட்டேன்."

"பண்ணணும்னு பண்ணுவியா? தானா வரும். வரணும்னுதானே அங்க கத்துக் குடுக்கறாங்க?" தண்ணீரை ஒரு மடக்குக் குடித்தான். "அது வந்துட்டா சொல்லு, நான் வேற ஆள் பார்த்துக்கறேன். நீ அங்கயே பறந்துக்கிட்டிரு."

"சும்மா பயமுறுத்தாதீங்க" என்றாள் அண்ணி.

"நான் பயமுறுத்தலை. நான்தான் பயந்துபோயிருக்கேன்" என்றான் அவன். அண்ணி சிரித்துவிட்டாள். குருவிக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் தொந்தரவாக இருந்தது. அவளுக்கு அந்த எம்பு வரவும் வேண்டும், வரவும் கூடாது. மறுநாள் முழுவதும் பலகைமேல் தன் முட்டியை அந்நிய ஆளின் பையைக் கவனிப்பதுபோலக் கவனித்துக்கொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, பள்ளிக்கூடம் ஒன்றின் புது வகுப்பறையில் வேலை. ஸ்குரூ டப்பா தீர்ந்துவிட்டது. அண்ணன் குதித்து இறங்கி வேனுக்குப் போனான். குருவி பலகைமேலேயே தனியாக நின்றாள். மாலையை நினைத்ததும் சும்மா நிற்க முடியவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, கையைத் தோளருகே வைத்து, இல்லாத பாரைப் பிடித்து, மடக்கி, உதைத்தாள். பலகை 'தொம்' என்று துள்ளியது. மறுமுனை காலியாகக் குதித்து அடங்கியது. அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

வந்தேவிட்டது. அண்ணன் சொன்ன மாதிரியே, தானாக, பலகைமேலேயே.

அவன் டப்பாவோடு வந்தான். "என்னடி பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?" என்று கேட்டுக்கொண்டே மறுமுனையில் கால் வைத்து ஏறினான். அவன் எடை பலகைக்கு வந்தது. பலகை வழியாக அவள் உள்ளங்காலுக்கு வந்தது. அந்தக் கணமே அவள் முட்டி இரண்டும் டக்கென்று பூட்டிக்கொண்டன. அவள் எதுவும் செய்யவில்லை. யாரோ தாழ்ப்பாள் போட்டதுபோல் இருந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அட்டையைத் தூக்கு. காலை என்ன பார்த்துக்கிட்டிருக்கே, அழகாத்தான் இருக்கு."

"அண்ணா, ஒரு தடவை இறங்கேன்."

"எதுக்கு?"

"சும்மா இறங்கேன்."

இறங்கினான். தாழ்ப்பாள் திறந்தது. "இப்ப ஏறு." ஏறினான். பூட்டிக்கொண்டது. மூன்றாவது முறை ஏறி இறங்கச் சொன்னபோது, "நான் என்ன உனக்கு மாடிப்படியா?" என்று அவன் மிஷினை எடுத்துக்கொண்டான். அவளுக்குத் தொண்டை வரை வந்த சிரிப்பை அட்டையைத் தலையில் வைத்து அடக்க வேண்டியிருந்தது. உடம்புக்கு அங்கே, இங்கே தெரியாதா? தெரிகிறதே! பலகை தெரிகிறது. பலகையின் மறுமுனையில் ஆள் இருக்கிறாரா என்று தெரிகிறது.

ஆனால் இது சரிதானா? ஒரு தடவை பட்டதை வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. மாலை வகுப்புக்கு எல்லாருக்கும் முன்னால் போனாள். மேடை கூடத்தின் நடுவில் இருந்தது. பழைய மரப் பலகைகளைச் சேர்த்து அடித்து, தரைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் போட்டது, அடியில் வெற்றிடம். அதில் கனமான தூக்கல்களுக்குத்தான் இடம். லேசானதெல்லாம் பின்னால் சிமெண்டுத் தரையில் விரித்த ரப்பர் மேட்டில். அதனால் மேடையில் அவள் வெறும் பாரைத் தூக்கிப் பார்த்ததே கிடையாது. கனத்தைக் கண்டு பயம் என்று எல்லாரும் சொல்ல இடம் கொடுத்தது அதுதான்.

வெறும் பாரோடு ஏறினாள். ஆளில்லாத கூடம். மடக்கினாள், மடங்கியது. உதைத்தாள், பார் பஞ்சுபோல் எகிறியது. இன்னொரு தடவை. மேடை அடியில் 'தொம்' என்றது, காலையில் கேட்ட அதே 'தொம்'.

தபால்காரி பையை மூலையில் வீசிவிட்டு வந்து மேடை ஓரத்தில் ஏறி நின்றாள். "என்ன குருவி, இன்னைக்கு விடியறதுக்கு முன்னாடியே கூட்டை விட்டுக் கிளம்பியாச்சா?"

குருவி மடக்கப் பார்த்தாள். வெறும் பார்தான். முட்டி மடங்கவில்லை.

"உன் எடை எவ்வளவு?" என்றாள்.

"வந்ததும் வராததுமா ஒரு பொம்பளைகிட்டக் கேக்கற கேள்வியா இது?"

"கொஞ்சம் கீழ இறங்கி நில்லேன். ஒண்ணு பார்க்கணும்."

தபால்காரி இறங்கினாள். முட்டி மடங்கியது. குருவி பாரை ஸ்டாண்டில் வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். காரணத்தைக் கேட்டதும் தபால்காரியும் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "அது சரி. மாஸ்டர் எப்பவும் மூலைல ஏறித்தானே நிப்பாங்க? அவங்களைப் போய் யார் இறங்கச் சொல்றது?" என்றாள்.

குருவியின் சிரிப்பும் நின்றது.

கூடம் நிறைந்தது. வேனைப் பூட்டிவிட்டு அண்ணன் உள்ளே வந்து, வேலை ஷூவோடு சுவர் ஓரம் நின்றான். கோயில் வாசலில் செருப்பைத் தேடுகிறவன் மாதிரி ஒரு முழி. அண்ணி சொல்லித்தான் வந்திருப்பான். அல்லது தன் இடுப்புக்கு என்ன வரப்போகிறது என்று நேரில் பார்த்துவிட வந்தானோ?

பாரில் ஐம்பது ஏறியது. மூன்று வாய்ப்பு. மாஸ்டர் வழக்கம்போல் இடது மூலையில் ஏறி, முட்டியில் கையூன்றிக் குனிந்தார். குருவி வாயைத் திறந்தாள். 'மாஸ்டர், நீங்க கொஞ்சம்…' என்ற வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. இத்தனை பேர் பார்க்க, இத்தனை நாள் சொல்லிக்கொடுத்தவரை, தள்ளிப் போங்கள் என்றா? ஒருவேளை காலையில் பார்த்ததெல்லாம் தற்செயலாக இருந்தால்? வாயை மூடிக்கொண்டாள். பாரைத் தோளில் வாங்கிப் பின்னால் அடி வைத்தாள். மூலையிலிருந்த எடை மரத்தின் வழியே வந்து அவள் உள்ளங்காலைத் தொட்டது. டக். டக்.

தோளால் தள்ளினாள். பார் மூக்கு வரை வந்து, மூக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. அது கீழே விழுந்த சத்தத்துக்குக் கைதட்டல் எதுவும் இல்லை.

"பயம். நான் சொன்னேன்ல?" என்றார் மாஸ்டர்.

அந்த ஒரு சொல்தான் அவளைப் பேச வைத்தது. "பயம் இல்ல மாஸ்டர். நீங்க."

"நானா?"

"நீங்க மேடைல நிக்கறீங்க. அதான். யாராவது கூட நின்னா எனக்கு முட்டி மடங்காது. மடக்கினா அவங்க விழுந்துடுவாங்க. அதாவது இங்க விழ மாட்டீங்க, எனக்குத் தெரியும், ஆனா காலுக்குத் தெரியலை. நீங்க கொஞ்சம்… கீழ நின்னா…"

சொல்லச் சொல்ல அவளுக்கே பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாஸ்டர் நிமிர்ந்தார். பல் பிடுங்கப் பயந்து ஓடப் பார்க்கிறவர்களைப் பார்க்கும் பார்வை.

"இத்தனை நாள் வாயில என்ன வச்சிருந்தே?"

"இன்னைக்குக் காலைலதான் தெரிஞ்சுது மாஸ்டர்."

மாஸ்டர் மேடையை விட்டு இறங்கினார். இறங்கி நின்ற விதத்தில், 'இப்பவும் மடக்கலைன்னா பார்த்துக்கறேன்' என்பது எழுதி ஒட்டியதுபோல் இருந்தது.

இரண்டாவது முறை முட்டி மடங்கியது. தோளில் ஐம்பது கிலோ இருக்கும்போது அது மடங்கியது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷமே கெடுத்துவிட்டது. கால் உதைத்து முடிப்பதற்குள் கை பறந்தது. பார் முன்னால் சாய்ந்து, அவளையும் இரண்டடி இழுத்துக்கொண்டு போய் விழுந்தது.

கூடம் 'ச்சே' என்றது. மாஸ்டரின் முகத்தில் இருந்த கடுப்பு மட்டும் காணாமல் போயிருந்தது. மேடைக்குக் கீழே நின்றபடியே கையை நீட்டிப் பேசினார். "வந்துடுச்சு, பார்த்தியா! கைக்கு ஏன் அவசரம்? கால் முடிக்கிற வரைக்கும் கை சும்மா இருக்கணும். தூக்காதே. தரையை உதை. பாரு தானா கிளம்பும், நீ கீழ இருந்து பிடிச்சாப் போதும்."

குருவி மேடையைச் சுற்றி நடந்தாள். உட்காரச் சொன்னார்கள், முடியவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள், கையில் வைத்துக்கொண்டே நடந்தாள். ஒரு தடவைதான் மிச்சம். அணியில் இருக்கும் ஒரே இடம் அந்த ஒரு தடவைக்குள் இருந்தது.

மறுபடி பாரடியில் போய் நின்றாள். தோளில் வாங்கினாள். இரண்டடி பின்னால் வந்தாள். கூடம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. நெஞ்சை நிமிர்த்தினாள்.

டக். டக்.

முட்டி பூட்டிக்கொண்டது. ஏன்? மாஸ்டர் கீழேதான் நின்றார். தபால்காரி தள்ளி நின்றாள். ஆனால் மரத்தின் வழியாக ஒரு எடை வந்துகொண்டிருந்தது: மாஸ்டருடையதைவிட அவளுக்கு நன்றாகப் பழகிய எடை. தலையைத் திருப்ப முடியாது. பார் தொண்டையை ஒட்டி இருந்தது. கண்ணை மட்டும் வலப்பக்கம் ஓட்டினாள்.

அண்ணன். எப்போது சுவரை விட்டு வந்தான் என்று தெரியவில்லை. மேடை ஓரம் வந்து நின்று, மரத்தைக் கண்டால் சும்மா இருக்க முடியாத பழக்கத்தில், வேலை ஷூவின் முன்பாதத்தை மேடைமேல் வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்வை பலகைகளின் இணைப்பிலேயே இருந்தது. "யாரு அடிச்ச மேடை இது? நடுவுல தாங்கு கட்டையே இல்லையே" என்று தபால்காரியிடம் சொன்னதுகூடக் காதில் விழுந்தது.

அவளால் பேச முடியவில்லை. பேசினால் மூச்சு போய்விடும். மூச்சு போனால் பார் போய்விடும். தோள் எரிய ஆரம்பித்தது. அவன் ஷூவையே பார்த்தாள்.

அவன் நிமிர்ந்தான். முதலில் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு முட்டியைப் பார்த்தான். இத்தனை வருடமாக ஒரே பலகையில் மறுமுனையிலிருந்து அவன் பார்த்துவரும் முட்டி. பூட்டியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? அவள் பார்வை போன இடத்துக்கு, தன் ஷூவுக்கு, அவன் பார்வையும் போனது.

சூடு பட்டதுபோல் காலை எடுத்தான். ஒரு அடி பின்னால் போனான். இன்னொரு அடி. இரண்டு காலையும் சிமெண்டுத் தரையில் தட்டிக் காட்டினான், அவளுக்குக் கேட்கும்படி.

"நான் கீழ இருக்கேன்டி" என்றான். "கீழதான் இருக்கேன். நீ எம்பு."

மேடையில் அவள் எடையைத் தவிர வேறு எதுவும் இல்லை. மறுமுனை காலி. முட்டி நாலு விரல் இறங்கியது, நெஞ்சு சாயவில்லை, குதிகால் மரத்தோடு இருந்தது. உதைத்தாள். மேடை அடியில் 'தொம்' என்றது. கை சும்மா இருந்தது, இன்னும் சும்மா இருந்தது, பார் தோளை விட்டு எழுந்து நெற்றியைத் தாண்டியபோதுதான் கை அதைப் பிடித்து மீதியை முடித்தது. முழங்கை பூட்டியது. இந்தத் தடவை பூட்ட வேண்டியது அதுதான்.

ஐம்பது கிலோ தலைக்கு மேல் நின்றது. அதற்கும் மேலே கூடத்தின் பழைய சீலிங் தெரிந்தது. இரண்டு அட்டைகளின் இணைப்பில் பட்டி விரிசல் விட்டிருந்தது. வேலை சுத்தமில்லை என்று நினைத்துக்கொண்டே நின்றாள்.

"இறக்கு!" என்றார் மாஸ்டர். "போதும், இறக்கு! கண்காட்சியா நடத்தறே?"

தடாலென்று போட்டாள். சத்தம் சுவரில் மோதித் திரும்புவதற்குள் தபால்காரி மேடைமேல் ஏறிக் கட்டிக்கொண்டாள். மாஸ்டர் கீழே நின்றபடியே, "இனிமே நான் ஏறலாமா, இல்ல இன்னும் அனுமதி வேணுமா?" என்றார். தேன் மூடி கொஞ்சம் திறந்திருந்தது.

வேனில் வீடு திரும்பும்போது அண்ணன் அவள் முட்டியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்டினான். சிக்னலில் நின்றபோதுதான், "அப்ப நான் ஏறினா பூட்டிக்குது. இறங்கினா திறந்துக்குது. அப்படித்தானே?" என்றான்.

"ஆமா."

"காலைல என்னைப் படி ஏத்தி இறக்கினது அதுக்கா?"

"ஆமா."

"அப்பவே சொல்லியிருந்தா இன்னைக்குப் பூரா நிம்மதியா வேலை பார்த்திருப்பேன்ல?" பச்சை விழுந்தது. "இருந்தாலும் எதுக்கும் தொட்டியைப் பக்கத்துலயே வச்சுக்கறேன்."

மறுநாள் காலை அதே வகுப்பறை. குருவி பலகைமேல் நின்று அட்டைக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் கீழே நின்று மிஷினை இடுப்பில் செருகினான். எப்போதும் ஒன்றும் சொல்லாமல் ஏறுகிறவன், பலகையில் கை வைத்துத் தட்டினான்.

"மேல வர்றேன்."

"வா."

ஏறினான். டக். டக். அவன் அவள் முட்டியைப் பார்த்து, திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு வேலையைத் தொடங்கினான். அட்டைகள் ஒவ்வொன்றாக மேலே போயின. அவள் அசையவில்லை. மூக்கு அரித்தது, அரிக்கட்டும் என்று விட்டாள். டீ நேரம் வந்தது.

"கீழ போறேன்" என்று சொல்லிவிட்டு அவன் இறங்கினான்.

குருவி தனியாக நின்றாள். போட்டிக்கு இன்னும் மூன்று வாரம். அதுவரை எப்படிப் பொறுப்பது? அவன் கதவைத் தாண்டும் வரை காத்திருந்தாள். பிறகு நெஞ்சை நிமிர்த்தினாள்.

'தொம்.'

"கேட்டுச்சு!" என்று வெளியிலிருந்து அண்ணன் கத்தினான்.